தூக்கிப் பார்த்த ஆமை

கடைக்காரன் கூண்டைத் திறந்துவிட்டு ஆமைக்குப் பத்து வயது என்றான். பான்லாய் ஓட்டைக் குனிந்து பார்த்தான். நாலு வயதுக்கு மேல் ஒரு நாள்கூட இருக்காது. ஆமை விற்கிறவன் வயதைக் கூட்டிச் சொல்லுவான், கல்யாணத் தரகன் வயதைக் குறைத்துச் சொல்லுவான். இரண்டு பேரையும் நம்பிக் காசை எடுக்கிறவன் மடையன். எழுபத்தொரு வயது வரைக்கும் யாரையும் நம்பாமல் இருந்ததால்தான் தனக்கென்று ஒரு வீடும் முற்றமும் மிஞ்சின என்பது பான்லாயின் எண்ணம்.

அவன் மனைவி சியாவ்தி வயதைக் கேட்கவில்லை. மூக்கில் சளி ஒழுகுகிறதா, கண் வீங்கியிருக்கிறதா, காலை இழுக்கிறதா, ஒன்றையும் பார்க்கவில்லை. குனிந்து, இரண்டு கைகளையும் ஓட்டுக்கு அடியில் விட்டு ஆமையைத் தூக்கினாள். மார்பு வரைக்கும் கொண்டுவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்து அடி நடந்து, திரும்பி வந்து இறக்கி வைத்தாள். பக்கத்துக் கூண்டில் இன்னும் கொஞ்சம் பெரிதாக ஒன்று கிடந்தது. அதையும் தூக்கிப் பார்த்தாள். முழங்காலுக்கு மேல் வரவில்லை.

"இது ஆகாது. மொதல்ல பாத்ததுதான் தோது" என்றாள்.

பான்லாய் அவள் கையைப் பிடித்து இழுத்தான். கடைக்காரனைப் பார்த்து, இவன் திருடன், வா போகலாம் என்றான். அது கடைக்காரன் காதில் வெறும் குழறலாகத்தான் விழுந்தது. சியாவ்தி சிரித்த முகத்தோடு அவனிடம் திரும்பி, "யோசிச்சுட்டு வர்றோம்னு சொல்றாரு" என்றாள்.

ஒரு வருஷமாக இப்படித்தான். ஐம்பது வருஷம் பாக்குத் தோப்பில் துரட்டி பிடித்தவன் பான்லாய். குலை அறுக்கும்போதும் வாயில் பாக்கு, சோறு தின்ற வாயிலும் பாக்கு, தூங்கி எழுந்தால் முதலில் பாக்கு. பிங்துங் மாவட்டத்து ஆண்களில் பாதிப் பேருக்கு அதுதான் கதை. போன வருஷம் வசந்தத்தில் புற்று என்று நாக்கில் பாதியை வெட்டி எடுத்து, தொடைச் சதையை அறுத்து அங்கே ஒட்டித் தைத்தார்கள். அதற்குப் பிறகு அவன் பேசுவது உலகத்தில் ஒருத்திக்குத்தான் புரிந்தது. சொந்த மகளுக்கே பாதிதான் புரியும். மற்றவர்களுக்கு சியாவ்தி எடுத்துச் சொல்லுவாள். சொல்லும்போது வசவுகளைக் கழித்துவிட்டு, மரியாதையைச் சேர்த்துவிடுவாள். புருஷன் கெட்ட பெயர் வாங்காமல் காலத்தை ஓட்டியதே இந்த ஒரு வருஷத்தில்தான் என்று அக்கம்பக்கத்தில் சிரித்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் முற்றத்தில் ஒரு ஆமை இருந்தது. ஆப்பிரிக்கத் தரை ஆமை. உள்ளங்கை அளவில் இருந்தபோது, தோப்பு முதலாளியின் மகன் சலித்துப்போய் குப்பையில் போட இருந்ததை பான்லாய் வாங்கி வந்தான். கிழங்கு என்று பெயர் வைத்தார்கள். பதினெட்டு வருஷத்தில் சர்க்கரைவள்ளி இலையாகத் தின்று நாற்பது கிலோவுக்கு வளர்ந்தது. முற்றத்துச் சுவரில் இரண்டு இடத்தில் முட்டி ஓட்டை போட்டது. காலையில் பான்லாய் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டால் போதும், கதவருகே வந்து நிற்கும். அவன் ஒரு மனிதனிடமும் அவ்வளவு பேசியதில்லை.

ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தபோது முற்றம் காலியாக இருந்தது.

சியாவ்தி சந்தோஷமாகத்தான் சொன்னாள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டர் கையை விரிக்காத குறையாகப் பேசியிருக்கிறார். அவள் அழுதுகொண்டே கோயிலுக்குப் போயிருக்கிறாள். அங்கே உயிர்விடுதலை நடத்துகிற கூட்டத்துக்குத் தலைவி லிம் அக்கா. மீனையும் குருவியையும் விலைக்கு வாங்கி, பிக்குணிகள் மந்திரம் ஓத, ஆற்றிலும் காட்டிலும் விட்டால் அந்தப் புண்ணியம் நோயாளியின் கணக்கில் சேரும். கடையில் வாங்கிய மீனை விடுவது சின்னப் புண்ணியம், வீட்டில் ஆசையாக வளர்த்ததை விடுவது பெரிய புண்ணியம் என்று லிம் அக்கா சொல்லியிருக்கிறாள். ஆமை என்றால் அதன் தாய்வீடு தண்ணீர், பதினெட்டு வருஷமாகத் தாய்வீடு போகாத பெண்ணை அடைத்து வைத்த மாதிரி அடைத்து வைத்திருக்கிறீர்கள், அந்தப் பாவம்தான் உன் புருஷனின் நாக்கைப் பிடித்தது என்றும் சொல்லியிருக்கிறாள். ஓட்டின் மேல் பொன்வண்ண மையில் பான்லாயின் பெயரை எழுதி, மூன்று பெண்கள் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் பாலத்துக்குக் கீழே ஆழமான இடமாகப் பார்த்து விட்டிருக்கிறார்கள்.

"போக மனசே இல்ல அதுக்கு" என்று சியாவ்தி எல்லோரிடமும் சொல்லுவாள். "மூணு தடவ கரைக்குத் திரும்பி வந்துச்சு. தலையத் தூக்கி எங்களப் பாத்துச்சு. லிம் அக்காவுக்கே கண்ணுல தண்ணி. விடுதலையான ஆமை மூணு தடவ திரும்பி நன்றி சொல்லுமாம், அப்படிச் சொன்னாத்தான் வேண்டுதல் பலிக்குமாம். மூணு தடவையும் நாங்கதான் தூக்கித் திருப்பி விட்டோம். நாலாவது தடவ போயிருச்சு. அடுத்த நாள் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு."

பான்லாய் பள்ளிக்கூடம் போனது இரண்டு வருஷம். ஆனாலும் தரை ஆமைக்கு நீந்தத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும். தையல் பிரிக்காத வாயோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மூன்று நாள் ஆற்றோரமாக அலைந்தான். மூன்றாம் நாள், ஆற்றுமணலில் தர்ப்பூசணி போட்டிருந்த ஒருவன் நாணல் பக்கம் கையைக் காட்டினான். நாய்கள் முதலிலேயே வந்துபோயிருந்தன. ஓடு கவிழாமல் கிடந்தது. பொன்வண்ண மை அழியவில்லை. பான்லாய்க்கு எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்தது அவன் பெயர் ஒன்றுதான். அதை அங்கே படித்தான். தர்ப்பூசணிக்காரனிடம் மண்வெட்டி கேட்டு, அந்த இடத்திலேயே குழி வெட்டிப் புதைத்தான்.

வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுதான் வந்தான். வந்து பார்த்தால் சியாவ்தி நாற்காலியில் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் தூங்கிப் பார்த்ததில்லை. தூங்கட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டான். நாளைக்கு அவள் இன்னும் நிம்மதியாக இருந்தாள். அப்படியே ஒரு வருஷம் போய்விட்டது. மூன்று தடவை திரும்பிப் பார்த்த கதையை அவள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல, அவன் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சியைக் குடித்தான்.

இப்போது கன்னத்தின் உள்ளே ஒரு வெள்ளைப் புள்ளி வந்திருக்கிறது. சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வியாழக்கிழமை முடிவு தெரியும். புள்ளியைப் பார்த்த அன்றைக்கே சியாவ்தி இன்னொரு ஆமை வாங்க வேண்டும் என்று ஆரம்பித்தாள். முற்றம் வெறிச்சென்று இருக்கிறது, உனக்கும் பேச்சுத்துணை வேண்டும் என்றாள். பான்லாயும் நம்பினான். யாரையும் நம்பாதவன் இவளை மட்டும் நம்புவான். அவனுக்கும் உள்ளுக்குள் ஆசைதான். வெறும் முற்றத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பது ஒரு பிழைப்பா. ஆனால் கடையில் அவள் தூக்கிப் பார்த்ததைப் பார்த்த பிறகு நம்பிக்கை போய்விட்டது.

வீட்டுக்கு வந்து நேராகவே கேட்டான்.

"எதுக்குடி தூக்கிப் பாத்த?"

சியாவ்தி ஒளிக்கவில்லை. ஒளிப்பதற்கு அவளிடம் குற்றம் எதுவும் இல்லை. "போன தடவ மூணு பேரு வேண்டியிருந்துச்சு. லிம் அக்காவுக்கு இப்ப இடுப்பு சரியில்ல. வியாழக்கிழம நல்ல சேதி வந்தா அது நம்மகூடயே இருக்கட்டும். கெட்ட சேதி வந்தா, வர்ற பௌர்ணமி உயிர்விடுதலைக்கு எடம் சொல்லி வச்சிருக்கேன்."

"நாலு நாள் வளத்தது வீட்டுல வளத்ததா?"

"ஆமைன்னா நீ சீக்கிரமே ஆச வச்சுருவ. எனக்குத் தெரியாதா, கெழவா."

அவன் ஆமை வேண்டவே வேண்டாம் என்று கையை ஆட்டினான். அவள் விடவில்லை. கடைசியில் தாய்ச்சுங் நகரத்தில் வேலை பார்க்கிற மகள் ஹுய்சுன் போனில் நடுவில் வந்தாள். கடையில் எதற்கு வாங்குகிறீர்கள், கைவிட்ட ஆமைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம் ஒன்று உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது, இலவசமாகத் தத்துக் கொடுக்கிறார்கள் என்றாள். ஒரு எச்சரிக்கையும் செய்தாள். அங்கே ஆற்றில் விட்ட பேச்சை எடுக்கக் கூடாது, அவர்களுக்கு அது பிடிக்காது, முன்னால் இருந்தது வயதாகிச் செத்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள். சியாவ்திக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

"உயிரோட இருக்கறத எப்படிச் செத்துருச்சுன்னு சொல்றது? அதும் உங்கப்பன் பேரு எழுதினத? என் வாயால சொல்ல மாட்டேன். இந்தக் கெழவனே சொல்லட்டும், நான் எடுத்து மட்டும் சொல்றேன்" என்றாள்.

பான்லாய் சரி என்று தலையாட்டினான். அங்கே ஆயிரத்தெட்டுக் கேள்வி கேட்பார்கள், எழுபத்தொரு வயது நோயாளிக்கு நூறு வருஷம் வாழ்கிற ஆமையை எந்தக் கிறுக்கன் கொடுப்பான், தானாகவே தட்டிப்போய்விடும் என்பது அவன் கணக்கு.

செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்கூட்டரில் போனார்கள். பழைய பன்றிக் கொட்டகையைக் கழுவி, தடுப்புத் தடுப்பாகப் பிரித்து வைத்திருந்தார்கள். சாய் என்ற பெண் வந்தாள், முப்பது வயது இருக்கும். ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள், முழங்கை வரைக்கும் சேறு. பேச்சு மட்டும் படித்த பேச்சு. பான்லாய்க்கு படித்த பேச்சு பேசுகிறவர்களையும் பிடிக்காது. ஆனால் அந்தச் சேற்றைப் பார்த்ததும் அவ்வளவாக வெறுக்க முடியவில்லை.

கடைசித் தடுப்பில் ஒரு ஆமை சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. ஓட்டின் விளிம்பில் துளை போட்டிருந்தது. நெடுஞ்சாலையோரம் ஒரு பாக்குக் கடை வாசலில் அந்தத் துளையில் சங்கிலி மாட்டி, கூட்டம் சேர்க்க ஏழு வருஷம் கட்டி வைத்திருந்தார்களாம். இப்போதும் சங்கிலி நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரம்தான் நடக்கும், அதற்கு மேல் போகாமல் திரும்பிவிடும் என்றாள் சாய்.

பாக்குக் கடை என்றதும் பான்லாய் தடுப்பைத் தாண்டி உள்ளே போனான். அந்தக் கடைக்குப் போன குலை அவன் அறுத்ததாகக்கூட இருக்கலாம். தரையில் கிடந்த பூசணித் துண்டை எடுத்து நீட்டிக்கொண்டு குந்தினான். ஆமை வெகுநேரம் அசையவில்லை. அவனும் அசையவில்லை. பிறகு அது வந்தது. எவ்வளவு தூரம் வருமோ அவ்வளவு வந்து நின்றது. அவன் ஒரு அடி முன்னால் நகர்ந்து கொடுத்தான். அது தின்றது. அவன் ஏதோ சொன்னான். சியாவ்திக்குக்கூடக் கேட்கவில்லை.

"பெரியப்பாவ இதுக்குப் பிடிச்சிருச்சு" என்றாள் சாய். "வேற யாருகிட்டயும் வந்ததில்ல."

சியாவ்தி மகிழ்ந்துபோனாள். தானும் உள்ளே வந்து, சாயை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, மறுபக்கம் தான் பிடித்து, ஆமையைத் தரையிலிருந்து தூக்கினாள். ஒரு சாண் உயர்ந்தது. திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு இறக்கினாள். சாய் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு மேஜைக்கு வந்து தாளை எடுத்தாள் சாய். வயது என்ன என்று கேட்டாள்.

"எழுபத்தொண்ணு. வியாழக்கிழமைக்கு அப்புறம் அதுகூட நிச்சயமில்ல" என்றான் பான்லாய்.

"எழுபத்தொண்ணு. திடமா இருக்காரு" என்றாள் சியாவ்தி.

உங்களுக்குப் பிறகு யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள். மகளா, அவ பூனையவே பட்டினி போட்டுக் கொன்னவ என்றான் பான்லாய். மகள் பார்த்துக்கொள்வாள், உயிர்கள் என்றால் அவளுக்கு உயிர் என்று சியாவ்தி எடுத்துச் சொன்னாள். தட்டிப்போகும் என்று அவன் நினைத்தது தட்டிப்போகவில்லை. அந்தப் பெண் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போனாள். அவளுக்குக் கொடுக்க மனதிருந்தது. ஒருவரிடமும் வராத ஆமை வந்துவிட்டதல்லவா.

"முன்னாடி ஆமை வளத்திருக்கீங்களா?"

"பதினெட்டு வருஷம்" என்றாள் சியாவ்தி.

"அது என்னாச்சு?"

சியாவ்தி வாயை மூடிக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். உன் வேலை, சொல்லு என்கிற பார்வை. வயசாகிச் செத்துருச்சு என்ற இரண்டு வார்த்தை. அதைச் சொன்னால் சாயந்திரத்துக்குள் ஆமை முற்றத்தில் இருக்கும். நாளைக் காலையில் செருப்புச் சத்தத்துக்குத் திரும்பும். பௌர்ணமிக்கு இன்னும் எட்டு நாள். அதன் ஓட்டிலும் பொன்வண்ண மையில் பெயர் எழுதுவார்கள். துளை போட்ட பக்கத்தில் எழுத மாட்டார்கள், மறுபக்கம் எழுதுவார்கள்.

பான்லாய் கையை மேஜை மேல் வைத்தான்.

"ஆத்துல முங்கிச் செத்துச்சு. அதுக்கு நீஞ்சத் தெரியாது. நாணல்ல கெடந்துச்சு. நான்தான் பொதைச்சேன்" என்றான். சாயைப் பார்த்துச் சொல்லவில்லை. சியாவ்தியைப் பார்த்துச் சொன்னான்.

சியாவ்தியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. எடுத்துவிட மறந்துபோன சிரிப்பு.

"என்ன சொல்றாரு பெரியம்மா?" என்றாள் சாய்.

அந்தக் கொட்டகையில் அவன் சொன்னது புரிந்தவள் அவள் ஒருத்திதான். வயதாகிச் செத்துவிட்டது என்று அவள் எடுத்துச் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வசவுகளைக் கழிப்பது போல இதையும் கழித்திருக்கலாம். பான்லாய் காத்திருந்தான். சாய் பேனாவைப் பிடித்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆத்துல விட்டேன்" என்றாள் சியாவ்தி. குரல் யாருடையதோ போல இருந்தது. "நான்தான் விட்டேன். செத்துப்போச்சாம்."

சாய் திட்டவில்லை. பேனாவை மூடினாள். ஆற்றில் விட்டவர்களுக்குக் கொடுப்பதில்லை, இங்கே அதுதான் முதல் விதி என்று தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வருஷத்துக்கு ஏழெட்டு ஓடுகளை அந்த ஆற்றிலிருந்தே எடுப்பதாகவும் சொன்னாள். ஓட்டில் ஏதாவது ஒரு பெயர் எழுதியிருக்குமாம். சியாவ்தி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள், டாக்டர் முன்னால் உட்கார்ந்து மருந்துச் சீட்டுக்குத் தலையாட்டுவது போல.

வெளியே ஸ்கூட்டர் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஏறவில்லை.

"எப்போலேர்ந்து தெரியும் ஒனக்கு?"

"வந்த மூணாம் நாளே தெரியும்."

அவள் மனதுக்குள் மாதங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்ப்பது தெரிந்தது. எத்தனை வீடு, எத்தனை பேர், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள், ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுக்குக் காத்திருந்த பொம்பளைகள். அவர்களில் நாலைந்து பேர் அவள் பேச்சைக் கேட்டு, வீட்டில் இருந்ததைக் கொண்டுபோய் விட்டுமிருக்கிறார்கள்.

"நான் சொல்லச் சொல்ல பக்கத்துல ஒக்காந்து கேட்டுக்கிட்டே இருந்திருக்க" என்றாள்.

"நீ தூங்குன. அதான் சொல்லல."

"இப்ப மட்டும் எதுக்குச் சொன்ன?"

பான்லாய் கொட்டகைப் பக்கம் தலையை அசைத்துக் காட்டினான். அவள் அங்கே திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்ப ஒன்னயக் காப்பாத்துனது யாரு?"

"யாரும் இல்ல. வெட்டுனான், தச்சான். பொழச்சுக் கெடக்கேன்."

"வியாழக்கிழமைக்கு நான் என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம்."

"ஒண்ணும் பண்ணாம எப்படிக் கெழவா இருக்கறது?" என்றாள். அழவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். அவன் ஸ்கூட்டரைக் கிளப்பினான். வீடு வரைக்கும் அவன் இடுப்பைப் பிடிக்காமல், சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அன்று மாலை லிம் அக்கா போன் பண்ணினாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுநாளும் அடித்தது. மூன்றாவது தடவை சியாவ்தி எடுத்து, தரை ஆமைக்கு நீந்தத் தெரியாதாம் அக்கா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். அதற்கு லிம் அக்கா என்ன சொல்லியிருப்பாள் என்று பான்லாய்க்குத் தெரியும். அவனவன் கணக்குப்படி உயிர் போகும், நம்முடைய நோக்கம் சுத்தம் என்றிருப்பாள். அப்படிப்பட்டவர்களைத் தண்ணீர் மூழ்கடிக்காது.

வியாழக்கிழமை டாக்டர் படத்தைக் காட்டினார். புள்ளி கெட்டதும் இல்லை, நல்லதும் இல்லை, இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். போன வருஷமாக இருந்தால் இதைக் கேட்டு சியாவ்தி டாக்டர் காலில் விழாத குறையாக இருந்திருப்பாள். இப்போது சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

"மூணு மாசம்" என்றாள்.

பான்லாய் பக்கத்துக் கடையில் அரிசிக் கஞ்சி இரண்டு வாங்கி வந்தான். ஒன்றை அவள் கையில் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் ஸ்கூட்டர்கள் நிறுத்துகிற இடத்துச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். கஞ்சி ஆறி, மேலே ஆடை கட்டும் வரைக்கும் அவள் குடிக்கவில்லை. அவனும் குடி என்று சொல்லவில்லை.